இல்லத்து இணைய இணைப்பை அளந்தறிதல்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த ஹெப்பகோடி என்னும் ஊர் உள்ளது. இதற்கு வடக்கே கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் ஆகிய கிராமங்களின் நிலத்தில், 332 ஏக்கர் பரப்பில், கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978ஆம் ஆண்டில் எலெக்ட்ரானிக் சிட்டி என்னும் தொழில் நகரத்தைத் தோற்றுவித்தது. தெற்கே பொம்மசந்திரா தொழிற்பேட்டை உள்ளது. 2025 ஆகஸ்டு 10ஆம் நாள் திறந்து வைக்கப்பட்ட மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் இவ்வூரைக் கடந்து பொம்மசந்திராவில் முடிகிறது. உலகெங்கும் மென்பொருள் அனுப்பும் அலுவலகங்களுக்கு இவ்வளவு அண்மையில் இருக்கும் ஊரில் இணைய வசதியைப் பற்றி ஐயம் எழ இடமேது என்று கேட்கலாம். அலுவலகத்து இணைப்பு வேறு, இல்லத்து இணைப்பு வேறு என்பதே அதற்கு விடை.

அலுவலகம் தனக்கென ஒரு தனித் தடத்தைக் குத்தகைக்குப் பெறுகிறது. இவ்வளவு வேகம் எந்நேரமும் கிடைக்கும் என்று உடன்படிக்கையில் எழுதி வாங்குகிறது. குறைந்தால் ஈடு கேட்கிறது. இல்லத்தார் பெறும் இணைப்பு பலரோடு பகிர்ந்து கொள்ளப்படுவது. அதன் விளம்பரத்தில் ‘100 மெகாபிட் வரை’ என்று எழுதியிருக்கும். ‘வரை’ என்னும் அச்சிறு சொல்லை விளம்பரங்களில் பெரும்பாலும் சிறிய எழுத்திலேயே அச்சிடுகின்றனர். ஆவணங்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட இக்கட்டுரையாளனுக்கு, முழு வாக்கியத்தின் பொருளையும் அச்சொல்லே தாங்கி நிற்பதாகத் தோன்றுகிறது.

ஹெப்பகோடியில் ஒரு வாடகைக் குடியிருப்பைக் கருதுவோம். தந்தை தொழிற்சாலையில் பணி புரிகிறார். மகள் கல்லூரித் தேர்வு ஒன்றை இணையத்தின் வழியாக எழுத வேண்டியவள். தேர்வின் நடுவே இணைப்பு தடுமாறுகிறது. தந்தை கைப்பேசியில் வேகத்தைச் சோதிக்கிறார்; 94 மெகாபிட் என்று காட்டுகிறது. இணைப்பு நன்றாகவே உள்ளது என்று சேவை நிறுவனத்தார் கூறுகின்றனர். மகளோ தன் விடைகள் சென்று சேரவில்லை என்கிறாள். இருவர் கூற்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருத்தல் கூடும். அது எவ்வாறு என்பதையும், இத்தகைய இல்லத்தார் தம் குறையை மறுக்க முடியாத அளவீடாக எவ்வாறு முன்வைக்கலாம் என்பதையும் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

அளவைகள்

முதலில் அகலக்கற்றை என்பது யாது? நம் நாட்டில் இதன் வரையறை மும்முறை வகுக்கப்பட்டுள்ளது. 2004ஆம் ஆண்டின் அகலக்கற்றைக் கொள்கை, விநாடிக்கு 256 கிலோபிட் இறக்க வேகம் உடையதே அகலக்கற்றை என்றது. 2013இல் இது 512 கிலோபிட்டாக உயர்த்தப்பட்டது. 2023 ஜனவரியில் 2 மெகாபிட்டாக நிறுவப்பட்டது. வரையறை எட்டு மடங்காக உயர்ந்தும், இன்று விற்கப்படும் இணைப்புகளின் வேகத்தோடு ஒப்பிட்டால் அது மிகத் தாழ்ந்த எல்லையே. ஆதலால் ஓர் இணைப்பு அகலக்கற்றை என்று அழைக்கப்படுவதைக் கொண்டு அதன் தரத்தைப் பற்றி எதுவும் கூற இயலாது.

அடுத்து, பிட்டும் பைட்டும் ஒன்றல்ல. எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட்டு. நிறுவனங்கள் வேகத்தைப் பிட்டுகளில் கூறுகின்றன. கணிப்பொறி கோப்புகளின் அளவைப் பைட்டுகளில் காட்டுகிறது. 40 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு 5 மெகாபைட்டே இறங்கும். எட்டில் ஒரு பங்குதான் வருகிறது என்று எழுதப்படும் புகார்கள் பலவற்றுக்கு அடிப்படை இக்குழப்பமே. வகுப்பில் ஐந்து நிமிடம் செலவிட்டால் இது தீரும்.

வேகம் என்று நாம் வழங்குவது உண்மையில் வேகமன்று, கொள்திறன். ஓசூர் நெடுஞ்சாலையை ஆறு தடங்களாக அகலப்படுத்தினால் மணிக்கு மிகுதியான வண்டிகள் செல்லலாம். ஆயினும் ஒரு தனி வண்டி பெங்களூரிலிருந்து ஓசூரை அடையும் நேரம் அதனால் மட்டும் குறைந்துவிடாது. சாலையின் அகலம் ஓர் அளவு, பயண நேரம் மற்றோர் அளவு. இணைப்பிலும் இவ்விரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். பயண நேரத்தைத் தாமதம் என்கிறோம். ‘சுணக்கம்’ என்றும் சிலர் எழுதுகின்றனர். அச்சொல்லில் சோம்பலின் சாயல் உள்ளது, ஒளி சோம்புவதில்லை. ஆதலால் இக்கட்டுரையில் தாமதம் என்றே வழங்குவோம்.

தாமதத்தை அளக்கும் எளிய கருவியை 1983 டிசம்பரில் அமெரிக்கரான மைக் மியூஸ் இயற்றினார். ‘பிங்’ என்பது அதன் பெயர். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் ஒலிக்கருவி ஓர் ஒலியை அனுப்பி அதன் எதிரொலி திரும்பும் நேரத்தைக் கணிப்பது போல, இது ஒரு சிறு செய்திப் பொட்டலத்தை அனுப்பி மறுமொழி வரும் நேரத்தை மில்லிவிநாடியில் கூறும். இன்றும் ஏறக்குறைய எல்லாக் கணிப்பொறிகளிலும் இது உள்ளது.

தாமதத்தின் கீழெல்லையை எவரும் தாளில் கணித்துவிடலாம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஹெப்பகோடியிலிருந்து சென்னைக்கு இழை வழி 350 கிலோமீட்டர் எனக் கொண்டால், போய்வர 700 கிலோமீட்டர், நேரம் 3.5 மில்லிவிநாடி. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கம்பிவடத்தின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். ஹெப்பகோடியிலிருந்து சிங்கப்பூர் சென்று திரும்ப 7,100 கிலோமீட்டர். நேரம் 35 மில்லிவிநாடிக்குச் சற்று மேல். எந்த நிறுவனமும் எவ்வளவு கட்டணம் பெற்றும் இதனைக் குறைக்க இயலாது. அளந்த தாமதம் இக்கணக்கிற்குப் பன்மடங்கு மிஞ்சியிருந்தால், பொட்டலம் சுற்றுவழியில் செல்கிறது அல்லது எங்கோ வரிசையில் காத்துக்கிடக்கிறது என்று முடிவு செய்யலாம்.

இதனோடு ஒப்பிட, 1985ஆம் ஆண்டில் பெங்களூரில் தன் நிலையத்தை அமைத்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். அது வெளிநாட்டோடு செயற்கைக்கோள் வழியாகவே தொடர்பு கொண்டது. நிலநடுக்கோட்டின் மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் கோளுக்கு ஏறி இறங்க ஏறக்குறைய 240 மில்லிவிநாடி, மறுமொழிக்கும் அவ்வளவே. மொத்தம் அரை விநாடிக்குச் சற்றுக் குறைவு. தொலைபேசி உரையாடலில் ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்கு உட்பட்டிருந்தால் பெரும்பாலோர் அதனை உணர்வதில்லை என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை கூறுகிறது. செயற்கைக்கோள் அவ்வெல்லையைத் தாண்டிவிடுகிறது.

தாமதம் ஒரே சீராக இராமல் ஏறி இறங்குவது ஏற்றத்தாழ்வு எனப்படும். பத்து நிமிடத்திற்கு ஒன்றாக வரவேண்டிய பேருந்து அரை மணி வராமலிருந்து பின் மூன்றாகச் சேர்ந்து வருவதை ஓசூர் சாலையில் நின்றவர் எவரும் அறிவர். படவழிப் பேச்சில் குரல் விட்டுவிட்டுக் கேட்பது இதனாலேயே. சில பொட்டலங்கள் வந்து சேராமலே போவது இழப்பு. நூற்றுக்கு ஒன்று இழந்தாலே தொலைவிடத்துடனான தொடர்பு கண்கூடாகத் தளரும்.

94 என்னும் எண்

இனி அந்தத் தந்தை கண்ட 94ஐ ஆராய்வோம். வேகச் சோதனைச் செயலி தனக்கு மிக அருகில் உள்ள ஒரு சேவைக் கணினியைத் தேர்ந்து, பல இழைகளாக ஒரே நேரத்தில் தரவுகளை இறக்கிச் சில விநாடிகளில் கணக்கிடுகிறது. அச்சேவைக் கணினி பெரும்பாலும் அதே ஊரில், சில வேளை அதே நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும். தேர்வுத்தாளை ஏற்கும் கணினியோ வேறு வலையமைப்பில், வேறு மாநிலத்தில் அல்லது வேறு நாட்டில் இருக்கலாம். வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை சாலையை அளந்துவிட்டு ஓசூர் வரை சாலை நன்று எனல் ஆகாது.

தொலைவு வேகத்தை எவ்வாறு குறைக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. இணையத்தின் பழைய முறைப்படி அனுப்புவோன் 65,535 பைட்டுகள் வரை அனுப்பிவிட்டு, பெற்றுக்கொண்டேன் என்னும் மறுமொழிக்குக் காத்திருப்பான். இது 5,24,280 பிட்டுகள். மறுமொழி 5 மில்லிவிநாடியில் வருமாயின் விநாடிக்கு 105 மெகாபிட் வரை செல்லும். அதே இணைப்பில், அதே கருவியில், மறுமொழிக்கு 200 மில்லிவிநாடி ஆகுமாயின் செல்வது 2.6 மெகாபிட்டே. 1992ஆம் ஆண்டிலிருந்தே இவ்வெல்லையை விரிக்கும் முறை வகுக்கப்பட்டுள்ளதால் இன்றைய கணிப்பொறிகள் இவ்வளவு முடங்குவதில்லை. ஆயினும் அவையும் சிறிதாகத் தொடங்கி, ஒவ்வொரு மறுமொழிக்கும் சிறிது சிறிதாகவே அளவைக் கூட்டுகின்றன. தொலைவிடத்துச் சிறு கோப்பு ஒன்று முழு வேகத்தை எட்டுமுன்பே முடிந்துவிடும்.

94 என்பது ஏன் 100 ஆகவில்லை என்பதும் கேட்கத்தக்கதே. இதில் நிறுவனத்தின் குற்றம் எதுவுமில்லை. கம்பி வழியே செல்லும் ஒவ்வொரு பொட்டலமும் முகவரி முதலியவற்றுக்காகவும் இடைவெளிக்காகவும் இடம் விடுகிறது. 1,538 பைட்டு இடத்தில் பயனுள்ள தரவு 1,460. ஆகவே 100 மெகாபிட் முனை உடைய ரௌட்டரில் 95க்கு மேல் ஒருபோதும் காண இயலாது. 200 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் செலுத்தி, 100 மெகாபிட் முனை உள்ள பழைய ரௌட்டரை வைத்துக்கொண்டு, பாதி வேகமே வருகிறது என்று குறைபட்டுக் கொள்வோர் அக்கருவியின் முனையை முதலில் நோக்குக.

வரிசையில் நிற்கும் பொட்டலங்கள்

மகளின் தேர்வு தடுமாறியதற்குக் காரணம் வேகமின்மை ஆகாது எனில் வேறு யாதாக இருக்கலாம்? தேர்வு நடந்த வேளையில் அதே வீட்டில் வேறொருவர் கைப்பேசிப் படங்களைச் சேமிப்பிடத்திற்கு ஏற்றிக்கொண்டிருந்தார் எனக் கொள்வோம். பல திட்டங்களில் ஏற்ற வேகம் இறக்க வேகத்தினும் குறைவு. இங்கு ஏற்றம் 2 மெகாபிட் எனக் கொள்க. ரௌட்டர் அனுப்ப இயலாத பொட்டலங்களை எறிந்துவிடாமல் தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்திக்கொள்கிறது. அவ்வரிசையில் 5 லட்சம் பைட்டுகள், அதாவது 40 லட்சம் பிட்டுகள் நிற்குமாயின், கடைசியில் வந்து சேரும் பொட்டலம் வெளியேற முழுமையாக 2 விநாடிகள் ஆகும். மகள் அழுத்திய விடை அக்கடைசியில் நிற்கிறது. இறக்கத்தை மட்டும், வேறெவரும் பயன்படுத்தாத வேளையில் அளந்த தந்தைக்கு 94 தெரிந்ததும் உண்மை. மகளுக்கு இணைப்பு நின்றுபோனதாகத் தோன்றியதும் உண்மை.

இக்குறை நெடுங்காலம் கவனிக்கப்படாமலே இருந்தது. கருவி செய்வோர், நினைவகம் மலிவாகிவிட்டதால் வரிசைக்கு இடத்தைப் பெருக்கிக்கொண்டே வந்தனர். ஒரு பொட்டலமும் வீணாகாமல் காப்பது நன்மையே என்று எண்ணினர். 2010ஆம் ஆண்டளவில் ஜிம் கெட்டிஸ் என்னும் பொறியியலார் தம் சொந்த வீட்டு இணைப்பின் தடுமாற்றத்தை ஆராயத் தொடங்கி, இது உலகெங்கும் பரவியுள்ள குறை என்று நிறுவினார். 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் ஆகிய இருவரும், பொட்டலம் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றது என்பதை நோக்கி, வரிசையைக் குறுக்கும் ஒரு முறையை வெளியிட்டனர். இம்முறையைத் தழுவிய ரௌட்டர்கள் இன்று கிடைக்கின்றன. எல்லா வீடுகளிலும் அவை இருப்பதாகக் கொள்ள வேண்டா.

எனவே தாமதத்தை இருமுறை அளக்க வேண்டும்: இணைப்பு ஓய்ந்திருக்கும்போது ஒருமுறை, ஒரு பெரிய கோப்பை ஏற்றிக்கொண்டிருக்கும்போது மறுமுறை. முன்னது 10 மில்லிவிநாடியாகவும் பின்னது 800 ஆகவும் இருக்குமாயின் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. இல்லத்து இணைப்பைப் பற்றி ஒரே ஒரு சோதனைதான் செய்ய நேரமுண்டு என்று எவரேனும் கூறினால், இதனையே செய்க என்று இக்கட்டுரையாளன் கூறுவான்.

வீட்டிற்குள்ளும் வெளியிலும்

கைப்பேசியில் அளந்தது எதன் வேகம்? அது கம்பியற்ற வைஃபையும் தெருவிலிருந்து வரும் இழையும் சேர்ந்த வேகம். இரண்டில் எது குறைவோ அதுவே தெரியும். 2.4 கிகாஹெர்ட்சு அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே. ஒட்டி ஒட்டிக் கட்டப்பட்ட வாடகைக் குடியிருப்பில் மேல் வீடு, கீழ் வீடு, பக்கத்து வீடுகள் யாவும் அம்மூன்றிலேயே பேசுகின்றன. 5 கிகாஹெர்ட்சில் இடம் மிகுதி. ஆனால் கான்கிரீட்டுச் சுவரைத் துளைக்கும் ஆற்றல் குறைவு. ஆதலால் முதலில் கணிப்பொறியைக் கம்பிவடத்தால் ரௌட்டருடன் நேரே இணைத்து அளக்க. பின்னர் வழக்கமாக அமரும் இடத்தில் வைஃபையில் அளக்க. கம்பியில் நன்றாகவும் வைஃபையில் குறைவாகவும் இருப்பின் தீர்வு வீட்டிற்குள்ளேயே உள்ளது. நிறுவனத்தின் மேல் புகார் செய்வது முறையாகாது.

கம்பியிலும் குறைவாக இருந்து, அதுவும் இரவில் மட்டும் குறையுமாயின், பகிர்வின் விளைவாக இருக்கலாம். கண்ணாடி இழை இணைப்புகளில் பரவலாக உள்ள ஒரு முறையில், ஓர் இழையின் 2.488 கிகாபிட் இறக்கத்தை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்து கொள்கின்றன. 32ஆல் வகுத்தால் வீட்டிற்கு 78 மெகாபிட் அளவே. 64ஆல் வகுத்தால் 39. எல்லோரும் ஒரே கணத்தில் முழுமையாகப் பயன்படுத்துவதில்லை என்னும் நம்பிக்கையில்தான் ஒவ்வொருவருக்கும் 100 என்று விற்க முடிகிறது. பெரும்பாலும் அந்நம்பிக்கை பொய்ப்பதில்லை. இழைக்கு அப்பால் நிறுவனம் வெளியுலகத்தோடு வைத்துள்ள தொடர்பு போதாமையே இரவுக் குறைவிற்கு மற்றொரு காரணம்.

ஆதலால் ஒருமுறை அளந்தது அளவன்று. ஏழு நாள்கள் இரவு ஒன்பது மணிக்கு அளந்து 94, 93, 31, 28, 94, 30, 92 என்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். இவற்றின் சராசரி 66. இந்த 66 எந்த இரவிலும் தோன்றாத எண். வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுத்தால் 92. இது மூன்று இரவுகளின் துன்பத்தை மறைத்துவிடுகிறது. புள்ளியியல் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது. அமெரிக்க அரசின் தொடர்பு ஆணையம் 2011 முதல் தன்னார்வலர் வீடுகளில் சிறு கருவிகளைப் பொருத்தி அளந்து வெளியிட்ட அறிக்கைகளில், நடு எண்ணோடு, நூற்றுக்கு எண்பது வீடுகள் நூற்றுக்கு எண்பது நேரம் பெறும் வேகம் எது என்பதையும் கூறுகிறது. அக்கருவிகள் வீட்டார் இணைப்பைப் பயன்படுத்தாத வேளை பார்த்து, தாமே, இரவும் பகலும் அளப்பவை. கைப்பேசிச் செயலியில் மக்கள் தாமாக அளப்பதோ இணைப்பு கெட்டபோது அல்லது புதிதாக வந்தபோது. நோயுற்றோர் மட்டும் வெப்பமானி வைத்துப் பார்த்த கணக்கைக் கொண்டு ஊரின் உடல்நலத்தைக் கூறுதல் இயலாதன்றோ? களப்பணியாளர் இத்தகைய திரட்டுகளிலிருந்து ஊர்களை வரிசைப்படுத்தும்போது இதனை நினைவிற் கொள்க.

விதிகளும் புகாரும்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2006ஆம் ஆண்டில் அகலக்கற்றைச் சேவையின் தரத்திற்கு விதிகள் வகுத்தது. நிறுவனத்தின் கணுவிலிருந்து பயனாளர் வரை, ஒப்புக்கொண்ட இறக்க வேகத்தில் 80 சதவீதத்திற்கு மேல் கிடைக்க வேண்டும் என்றும், பொட்டல இழப்பு ஒரு சதவீதத்திற்குக் குறைய வேண்டும் என்றும், பன்னாட்டு வாயில் வரையிலான தாமதம் 120 மில்லிவிநாடிக்கு உட்பட வேண்டும் என்றும் அவை கூறின. 2024 அக்டோபர் 1 முதல், தொலைபேசிக்கும் அகலக்கற்றைக்கும் பொதுவான புதிய விதிகள் அவற்றின் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ளன. ‘கணுவிலிருந்து பயனாளர் வரை’ என்னும் பழைய சொற்றொடர் எண்ணத்தக்கது. கணுவிற்கு அப்பால் நிகழும் நெரிசல் அவ்வேகச் சோதனையில் தென்படாது. மகளின் தேர்வோ அப்பாலேதான் சென்றாக வேண்டும். ஆணையம் 2016இல் வெளியிட்ட மைஸ்பீட் என்னும் செயலி, கைப்பேசியில் எவரும் அளந்து அம்முடிவை ஆணையத்திற்கே அனுப்ப வழி செய்தது.

2012ஆம் ஆண்டின் விதிகளின்படி புகார் இரண்டு படிகளில் செல்லும். முதலில் நிறுவனத்தின் புகார் மையம். அது தரும் புகார் எண்ணைத் தவறாது குறித்துக்கொள்ள வேண்டும். அங்குத் தீராவிடில் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. நுகர்வோர் மன்றங்களையும் நாடலாம். தொலைத்தொடர்புக் குறைகளை விசாரிக்க அவற்றுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்துள்ளது.

எப்படியாயினும் கையில் ஒரு குறிப்பேடு இருந்தால் பேச்சு சுருங்கும். ஒரு வாரம், காலை ஏழு மணி, பிற்பகல் இரண்டு மணி, இரவு ஒன்பது மணி என நாளுக்கு மும்முறை, கம்பிவடத்தில் இணைத்த ஒரே கணிப்பொறியில் அளந்து, இறக்கம், ஏற்றம், ஓய்வுநிலைத் தாமதம், சுமைநிலைத் தாமதம், இழப்பு ஆகிய ஐந்தையும், சோதனைக்கு எதிர்முனையாக இருந்த ஊரின் பெயரையும் எழுதுக. வீட்டில் வேறெவரேனும் அப்போது இணைப்பைப் பயன்படுத்தினரா என்பதையும், மின்தடை இருந்ததா என்பதையும் குறிக்க. மின்சாரம் போனால் வீட்டிலுள்ள இழைப்பெட்டியும் அணையுமாதலால், அதனை இணைப்பின் குற்றமாகக் கணக்கிடலாகாது. குறைந்த எண்களை மட்டும் பொறுக்கி எழுதும் ஆசை எழும். அதற்கு இடங்கொடுத்தால் முதல் கேள்வியிலேயே குறிப்பேடு மதிப்பிழக்கும். பழுது நீக்கப்பட்டதாக நிறுவனம் தெரிவித்தபின், அதே கணிப்பொறியில், அதே வேளைகளில், மேலும் ஒரு வாரம் அளந்து முன்னைய பக்கத்திற்கு எதிர்ப்பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.